மஞ்சள் வீட்டு நடிகை

1

இந்தக் கதை என் தங்கை கட்டிவிட்ட ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. ஞாயிறு காலைகளில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவள் தொழில். முதலில் பழைய நாடக அரங்கம், கடைசியில் ஓவியக்கூடம். நடுவே ஒரு நீளத் தெரு. அதில் சொல்ல ஒன்றுமே கிடையாது. வருகிறவர்கள் கொட்டாவி விடுவதைப் பொறுக்கமாட்டாமல், பூட்டிக் கிடந்த ஒரு மஞ்சள் வீட்டைக் காட்டி அவளாகவே ஒரு கதையை அவிழ்த்துவிட்டாள்: இங்கே ஒரு நடிகை இருந்தாள், நாடகத்தின் பாதியில், போட்டிருந்த நீல உடுப்போடு அரங்கத்தைவிட்டு ஓடிவந்தாள், மாடியறையில் போய்த் தாழிட்டுக்கொண்டாள், அப்புறம் வெளியே வரவேயில்லை.

கொட்டாவி நின்றுபோனது.

2

மாடி ஜன்னலில் ஒரு நிழல்

(வேண்டாம். நிழலில் தொடங்கும் பேய்க்கதைகள் ஏராளம். இதில் நிழலே இல்லை, ஒரு குடைதான் உண்டு.)

வெயிலில் குடையோடு வந்த ஒருவர், சுற்று முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் நின்றார்.

“அவங்க என் சித்திம்மா.”

“யாரு சார்?”

“நீங்க சொன்ன நடிகை. உடுப்பு நீலம் இல்லை, பச்சை. மத்ததெல்லாம் அப்படியே சரி. யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

தங்கை சிரித்துவிட்டாள். “சார், அது சும்மா நானா விட்ட கதை.”

அவர் சிரிக்கவில்லை. “மாடியிலதான் இருக்காங்க. கீழே ஒரு பொண்ணு என்னைப் பத்திப் பேசுது, போய்க் கேட்டுட்டு வான்னு அனுப்பினாங்க. ஒரு எட்டு வந்து பாருங்களேன்.”

அவள் போகவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

3

குடைக்காரரை நான் நம்பவில்லை. யாரோ வேலையற்ற ஆள் விளையாடியிருக்கிறான் என்றுதான் முதல் பிரதியில் எழுதினேன். தங்கையின் மேலேயும் எனக்குச் சந்தேகம். கேட்டும் விட்டேன்.

“அண்ணா, எனக்குப் பொய் சொல்ல வரும். இப்படி நடுங்க வராது” என்றாள்.

(அந்த வரியை அவள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.)

அடுத்த ஞாயிறு அவள் அந்த வீட்டைக் கடந்து வேகமாக நடந்தாள். கூட்டத்தில் ஒரு அம்மா விடவில்லை. “நடிகை கதை சொல்லுவீங்கன்னு என் நாத்தனார் சொன்னாளே?”

“அது பொய்ங்க. அப்படி யாருமே இல்லை.”

மேலே ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. மெதுவாக, மனம் நொந்தவர்கள் சாத்துவதுபோல.

4

குடைக்காரர் மறுபடி வந்தார். கோபமில்லை, முகம் மட்டும் வாடியிருந்தது.

“ஏம்மா அப்படிச் சொன்னீங்க? அன்னையிலிருந்து சித்தி ஒரு வாய் சாப்பிடலை. ‘நான் இல்லையாமே, இல்லையாமே’ன்னு சுவரைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். கதையில அவங்க வெளியே வந்துட்டாங்கன்னு சொல்லிடுங்க.”

தங்கை என்னிடம் வந்து உட்கார்ந்தாள். “நீதானே எழுதறவன். எழுதிக் குடு.”

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வீடு வெறும் தூசி. இன்னொன்றில் குடைக்காரர்தான் இறந்தவர். (கெட்டிக்காரத்தனம். கிழித்துப் போட்டேன்.) மூன்றாவது ஒரே வரி: கதவைத் திறந்துகொண்டு அவள் இறங்கி வந்தாள். இதோடு தலைவலி விட்டால் சரி என்று அதையே கொடுத்தனுப்பினேன்.

5

இது இன்று, ஞாயிறு. சற்றுமுன் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, நீ எழுதினதைச் சொன்னேன். உள்ளே தாழ்ப்பாள் விலகுச்சு. கதவு திறந்துச்சு. யாருமே தெரியலை. எல்லாரும் நாடகம்னு நினைச்சுக் கை தட்டினாங்க. ஆனா கூட்டம் தானா விலகி வழி விட்டுச்சுண்ணா. யாருக்கு விட்டாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.”

“இப்ப எங்கே இருக்கே?”

“நடந்துக்கிட்டிருக்கோம். என் பக்கத்துல ஒருத்தருக்கு மூச்சு வாங்குது. ரொம்ப நாளா நடக்காதவங்க மாதிரி. அடுத்து என்னன்னு கேக்கறாங்கண்ணா. சீக்கிரம் சொல்லு.”

இறங்கி வந்தாள் என்பதோடு நான் நிறுத்திவிட்டேன். எங்கே போவாள், யாரோடு இருப்பாள், இத்தனை காலம் கழித்து அவளுக்கு

என்னால் முடியவில்லை. போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். தங்கை பேசுவதை நிறுத்திவிட்டாள். போனை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். மூச்சு கேட்கிறது. பயமுறுத்தாத மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.