சண்டைக்குத் தனி, சாப்பாட்டுக்கு ஒன்று

கடன் அபாயம் பார்க்கும் பிரிவில் இருப்பவரை வங்கியில் ஒருத்தருக்கும் பிடிக்காது. பந்தியில் உட்கார்ந்து சர்க்கரை அளவு விசாரிக்கிற டாக்டரை யாருக்குப் பிடிக்கும்? ஹேமலதா கோல்ஹட்கருக்கு அது பழகிப்போன விஷயம். இன்று மட்டும் அந்த வெறுப்பு மிரட்டலாகவே வந்தது.

"சாயங்காலத்துக்குள்ள பிபின் கோத்தாரியோட டாலர் கடன் லிமிட்டுல கையெழுத்துப் போடுறே. இல்லேன்னா எங்கேயோ இருக்கிற நாந்தேட் கிளைக்குத் தூக்கி அடிச்சிடுவேன்" என்று காலையிலேயே மேலதிகாரி நிமிஷ் மிரட்டியிருந்தான். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பாவி, நேரம் பார்த்துத்தான் அடிக்கிறான்.

பிபின், அவன் அண்ணன் ரசிக் இருவருமே வைர வியாபாரிகள். ஒருவர் கவிழ்ந்தால் இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு கவிழ்வார் என்றால், இருவரையும் ஒரே குழுவாக வைத்து ஒரே வரம்புக்குள் அடக்க வேண்டும் என்பது விதி. அந்த வரம்பை ரசிக் ஒருவரே தன் கடன்களால் நிரப்பிவிட்டார். ஆனால் சகோதரர்கள் சொத்தைப் பிரித்து, பேச்சும் அறுந்து, வருஷக்கணக்காயிற்று. ஆகவே தான் தனி ஆள் என்றான் பிபின். அதை நேரில் பார்க்கத்தான் அவள் வைரச் சந்தையிலுள்ள அவன் ஆபீசுக்கு வந்திருந்தாள்.

"அவன் மூஞ்சியில முழிச்சா அன்னிக்கு வியாபாரமே விளங்காது மேடம்!"

பிபின் அண்ணனைத் திட்டியதில் துளிக்கூட நடிப்பு இல்லை. ஹேமலதா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, வீட்டுச் சாப்பாடு சுமந்து வரும் டப்பாவாலா சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனான். பிபின் முகம் மலர்ந்தது. "தால் தோக்ளி! ரெண்டு வாய் சாப்பிடுங்க மேடம். எங்க பாபி கைப்பக்குவம்."

"எந்த பாபி?"

"ரசிக் பொண்டாட்டிதான்."

"எல்லாம் பிரிச்சாச்சுன்னீங்க?"

"வீட்டைப் பிரிச்சோம். மாடி எனக்கு, கீழ அவனுக்கு. சமையலை எப்படி மேடம் பிரிக்கிறது? போன வருஷம் நான் முழுகிப்போக இருந்தப்ப, பாபிதான் நகையெல்லாம் அடகு வெச்சு, அவன் கடைப் பணத்தையும் எடுத்து..." பிபின் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஹேமலதா பேனாவை மூடினாள். "ஒரே குழு. லிமிட் கிடையாது."

"ஐயோ! நாளையிலேர்ந்து டப்பாவே வேண்டாம்னுடறேன். இப்பவே உங்க முன்னாடி சொல்றேன்!" ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணியைக் கூப்பிட்டு அப்படியே சொன்னான்.

"பேங்குக்காக என் சோறு வேண்டாமாடா?" என்றாள் அண்ணி தாராபேன். "சரி, வீட்டுப் படியும் ஏறாதே. ஹோட்டல்ல போய் வெங்காயம் தின்னு!"

வெங்காயமே தொடாத ஜைன வீட்டில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. இணைப்பு அறுந்தது. பிபின் டப்பாவைப் பார்த்தான், விண்ணப்பத்தைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. விண்ணப்பத்தை வெடுக்கென்று இழுத்து நாலாகக் கிழித்தான்.

இல்லாத விண்ணப்பத்தில் எந்தக் கொம்பனும் கையெழுத்துக் கேட்க முடியாது. ஹேமலதாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

பிபின் மறுபடி கூப்பிட்டான். "பாபி, கிழிச்சுட்டேன். லிமிட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அண்ணிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் அதட்டியது.

"சாப்பிட்டானான்னு கேளு, அந்தக் கழுதைய."