டெய்சியின் பக்கம்

டெய்சியின் சின்னக் கட்டில் படியிறங்கி வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டு மேவிஸ் ஜன்னல் திரையை விலக்கி முக்கால் முகத்தைக் காட்டிவிட்டாள். இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட்டில் அந்தத் தெரு முழுக்க நகராட்சி வாடகைக்கு விட்ட கவுன்சில் வீடுகள். சுவர் மெலிசு, மேவிஸின் காதோ கூர்மை. அப்படியிருந்தும் டீன் ஏன் மகளின் கட்டிலைக் கழற்றுகிறான் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எவளோ குடிவரப் போகிறாள் என்று மத்தியானத்துக்குள் தெருவுக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வந்ததோ பெரிய பூட்ஸும் ஒரு மூட்டையுமாகக் கானர் என்ற வாலிபன்.

மேவிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேக் துண்டு ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள்.

"என்ன கண்ணு, நாங்க ஒரு பொண்ணுல்ல வரும்னு பாத்தோம்?"

டீன் சிரிக்கவில்லை. "மேல் ரூம்ல வாடகைக்கு இருக்கான்."

"அது டெய்சி ரூமாச்சே."

"கவுன்சில் கணக்குல அது யாரு ரூமும் இல்லயாம்."

பிறகு மெல்லச் சொன்னான். தேவைக்கு மேல் ஓர் அறை வைத்திருக்கிறானென்று வாடகை உதவியை வெட்டிவிட்டார்கள். பிள்ளைக்கு இடம், பிரிந்துபோன மனைவி கெல்லியின் வீட்டில்தானாம்; வெள்ளியும் சனியும் அப்பன் வீட்டில் படுப்பது சேர்த்தி இல்லை. ஒற்றை அறை வீட்டுக்குப் போகலாமென்றால் ஊரில் ஒன்றுகூடக் காலி இல்லை. பாக்கி விழுந்தால் இந்த வீடும் போகும். அப்புறம் பிள்ளை எங்கே வரும்? அவள் அறையைக் காப்பாற்ற அந்த அறையையே வாடகைக்கு விட்டிருந்தான்.

கானர் நல்லவன். வெள்ளிக்கிழமையானால் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன், பாப்பா என் கட்டிலிலேயே படுக்கட்டும் என்று அவனாகவே சொன்னான். டீன் விரிப்பு மாற்றினான். மேவிஸ் முயல் படம் போட்ட தலையணை உறை ஒன்று கொடுத்தாள். பழசு என்றாள், விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கெல்லியின் கார் வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. பின்சீட்டில் டெய்சி, மடியில் அவள் பை.

கெல்லி கத்துவாள் என்றுதான் மேவிஸ் கதவை ஒருக்களித்து வைத்திருந்தாள். அவள் கத்தவில்லை.

"உன்மேல கோவம் இல்ல டீன். முன்னப்பின்ன தெரியாத ஆம்பள சாவி வெச்சிருக்கிற வீட்டுல பொம்பளப்புள்ளய ராத்திரி எப்படி விடுவேன்? நீயா இருந்தா விடுவியா?"

டீனும் விடமாட்டான். பகலில் கூட்டிப் போ, இருட்டுமுன் கொண்டுவந்து விடு என்றாள் கெல்லி. தலையாட்டினான்.

டெய்சி கண்ணாடியை இறக்கினாள். "அவரு எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறாருப்பா?"

"ஜன்னல் பக்கம்டா."

"அது என் பக்கம்."

இப்போது கவுன்சில் கணக்கில் அந்த அறை நிரம்பிவிட்டது. கானர் சொன்ன சொல் தவறாமல் வெள்ளிக்கிழமை கிளம்பிப் போகிறான். அன்றைக்கு மட்டும் மேவிஸ் திரையை விலக்குவதில்லை. ஆனால் சுவர் மெலிசு. யாரும் படுக்காத கட்டிலுக்கு டீன் விரிப்பை உதறிப் போடும் சத்தம் கேட்கிறது. வாரத்தில் இரண்டு ராத்திரி, கவுன்சில் சொன்னபடியே, அந்த வீட்டில் ஓர் அறை உபரி.