வாயில் குழாய்

...மூக்கால் மூச்சு விடு, மூக்கால் மூச்சு விடு என்கிறாள் நர்ஸ், மூக்கு என்று ஒன்று இருப்பதே வரதனுக்கு மறந்து போயிருந்தது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையத்தைச் செருகி, தலைக்குப் பின்னால் பட்டை போட்டுக் கட்டி, விரல் தடிமன் கறுப்புக் குழாயை விழுங்கு என்றால் எவனுக்குத்தான் மூக்கு ஞாபகம் வரும்... உணவுக்குழாயின் அடியில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றன, ஒன்று வெடித்துவிட்டது, அதை உறிஞ்சி இழுத்து ரப்பர் வளையம் மாட்டினால் ரத்தம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னபோது ஏதோ பலூன் கட்டுவது போலத்தான் இருந்தது, இப்போது தெரிகிறது லட்சணம், எச்சில் கடைவாயில் வழிகிறது, துடைக்கக் கை தூக்கினால் நர்ஸ் பிடித்து அமுக்குகிறாள். காலையில் கம்பெனி பஸ் மறைமலைநகரைத் தொடுவதற்குள் குப்பென்று ரத்தமாக வாந்தி, பக்கத்து சீட் ஜானகிராமன்தான் தாங்கிப் பிடித்து செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான், நல்லவன்தான், ஆனாலும் ஆட்டோவில் என்ன சொன்னான், "இன்னா மச்சான், இப்டி ஏத்திகினே இருந்தா ஈரல் இன்னாத்துக்கு ஆவும்?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது. வரதன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுக் குடித்ததில்லை, தமிழ்ச்செல்விக்கு அது தெரியும், கட்டினவளுக்குத் தெரிந்தால் போதாதா.

அவள் கதவோரம் நிற்கிறாள் போலிருக்கிறது, கண்ணைத் திருப்ப முடியவில்லை, குரல்தான் வருகிறது. குடிப்பாரா என்று டாக்டர் திரையிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்கிறார். சொல்லு தமிழு, பளிச்சென்று சொல்லு... "குடிப்பாரு சார்." என்னது? "வூட்டுக்குத் தெரியாம குடிப்பாரு. சனிக்கிழம ஆனா லேட்டாத்தான் வருவாரு. வாசன தெரியக்கூடாதுன்னு பெப்பர்மிண்ட் போட்டுகினு வருவாரு. நான் ஒருநாளும் கேட்டதில்ல சார்... அவருக்காவத்தான் சனிக்கிழம சாப்புடாம கெடக்குறேன், பொழச்சிக்குவாரா சார்?" இல்லை, இல்லை என்று கத்தினான், குழாயைச் சுற்றி உறுமல்தான் வந்தது, ஆடாதீங்க என்று அதட்டினார் டாக்டர், கிளிக், ஒரு வளையம் மாட்டியாயிற்று. பெப்பர்மிண்ட்டா? டீக்கடைக்காரர் சில்லறை இல்லையென்று திணிப்பது அது, அடிப்பாவி... சனிக்கிழமை விரதம் பெருமாளுக்கு என்றல்லவா சொன்னாய், நானும் வெட்கமில்லாமல் நீ போட்டதைத் தின்றேனே, எதிரே பட்டினியாக உட்கார்ந்து விசிறினாயே, ஒரு குடிகாரனுக்கா விசிறினாய், இத்தனை வருஷமாகவா?

குடிக்கவில்லை சரி, பிறகு எங்கே போனாய் என்று யாராவது கேட்டால்... சனிக்கிழமை அரைநாள் வேலை, வீடிருக்கும் ஊரப்பாக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், கோயிலுக்கா, இல்லை, பொம்பளை விவகாரமா, சத்தியமாக இல்லை, டீக்கடை பெஞ்சில் உட்காருவான், வெள்ளைக்காரர்கள் பேரம் பேசுவதைப் பார்ப்பான், கடலைக்கூடப் பார்ப்பதில்லை, இருட்டினால் எழுந்து வருவான், அவ்வளவுதான். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வீட்டில் என்ன குறை? ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டமே, கெட்டவளாயிருந்தால் சண்டை போடலாம், தமிழ்ச்செல்வி தங்கம், சாப்டீங்களா, தலை வலிக்குதா, காலை அமுக்கட்டுமா, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள், அவனுக்கு நெஞ்சை அடைக்கும். இதை எந்த வாயால் சொல்வது... கிளிக், கிளிக், போதும், நின்னுடுச்சு என்றார் டாக்டர், குடலையே உருவுவது போலக் குழாயை உருவினார்கள், பட்டையை அவிழ்த்தார்கள், வாய் அவனுக்கே திரும்பக் கிடைத்தது.

ஸ்கேன் படத்தை யாரோ கொண்டுவந்தார்கள். டாக்டர் விளக்கில் பிடித்துப் பார்த்தார். "ஈரல் சுத்தமா இருக்கேம்மா. ஈரலுக்குப் போற ரத்தக்குழாய்லதான் அடைப்பு, சின்ன வயசுலயே வந்திருக்கும். குடிப்பழக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." அப்பாடா என்றிருந்தது வரதனுக்கு, கண்ணீர்கூட வந்தது, தலைமாட்டுக்கு வந்து அவன் முடியைக் கோதிக்கொண்டிருந்தவளின் முகத்தை ஆசையாகப் பார்த்தான். விரல்கள் நின்றுவிட்டன. "கொஞ்சமா குடிச்சாக்கூடவா சார், சம்பந்தமில்ல?" கெஞ்சுகிற குரல். எதற்குக் கெஞ்சுகிறாள்... ஐயோ, குடியென்றே இருக்கட்டும் என்று கெஞ்சுகிறாள், குடி இல்லையென்றால் அந்தச் சனிக்கிழமைகளையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பாள் அவள்? டாக்டர் அவனைப் பார்த்துக் குனிந்தார், நீங்களே சொல்லுங்க, குடிப்பீங்களா? இத்தனை நேரம் கத்திய 'இல்லை' நாக்கிலேயேதான் இருந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பவாச்சும்... சனிக்கிழமல..." என்றான், மரத்த நாக்கு குழறியது. அவள் நீளமாக மூச்சு விட்டாள், விரல்கள் மறுபடி முடிக்குள் நுழைந்தன, போவட்டும் விடுங்க, இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, போதும் என்றாள், உள்ளங்கையை நீட்டினாள். அதிலென்ன, குடிக்காதவன் குடியை விடுவதற்குக் கசக்குமா, என்று கையைத் தூக்கினவன் பாதியிலேயே நிறுத்தினான்... குடியை விட்டவன் சனிக்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடவேண்டுமே.