சுகுணாவின் வயிற்றுக்குள் வெளிச்சம்

சுகுணா வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு வழக்கம். தக்காளி பறிக்கிற நாட்களில், பாலக்கோடு மண்டியில் முதல் பெட்டி ஏலம் போகும்வரை வீட்டுப் பெண் தண்ணீர் தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் விலை விழுந்துவிடுமாம். பட்டினி கிடந்தும் விலை என்னவோ விழுந்துகொண்டுதான் இருந்தது.

முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை மட்டும் விடிவதற்கு முன்பே வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வாள். மாத்திரை என்ன சோறா, விரதம் கெடுவதற்கு? வலி பறந்துவிடும், பெட்டி தூக்கலாம். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. வயிறு எரிந்தால் பசி என்று நினைத்துக்கொள்வாள்.

போன வாரம் மலம் தார் மாதிரி கறுத்துப் போனதும்தான் குலை நடுங்கியது. அவள் அக்கா பாஞ்சாலிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வயிற்றில் புற்று என்றார்கள். அந்த வருடமே போய்ச் சேர்ந்தாள். உள்ளூர் டாக்டர் மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, சுகுணாவைத் தருமபுரிக்கு அனுப்பினார்.

அங்கே டாக்டர் கலைமணி தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, கேமரா வைத்த குழாயை உள்ளே இறக்கினார். குமட்டலில் சுகுணாவுக்குக் கண்ணீர் கொட்டியது.

"திரையப் பாருங்கம்மா. அதுதான் உங்க வயிறு."

பார்த்தாள். உள்ளே இருட்டும் அழுக்குமாக ஒரு கோணிப்பைதான் இருக்கும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அங்கே இளஞ்சிவப்பில், மடிப்பு மடிப்பாக, ஈரம் மினுமினுக்க ஒரு தனி உலகமே இருந்தது. யாரும் சொல்லாமலே அது அலையலையாக அசைந்துகொண்டிருந்தது. இவள் இங்கே பயத்தில் செத்துக்கொண்டிருக்க, அது தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாடி, இதையா உள்ளே வைத்துக்கொண்டு அலைந்தோம் என்று மலைத்துப்போனாள்.

குழாய் திரும்பியது. அந்தச் சிவப்பில் அங்கங்கே வெளிறிய புண்கள். அக்காவுக்கு வந்ததேதான் என்று நினைத்தாள் சுகுணா.

"பயப்படாதீங்க, புற்று இல்ல. மாத்திரை அரிச்ச புண்ணு. ஓரத்தப் பாருங்க, புதுத்தோல் மூடிக்கிட்டு வருது. மாத்திரைய நிறுத்தினதுமே ஆற ஆரம்பிச்சிருக்கு."

குழாயை எடுத்தபிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "இனிமே அந்த மாத்திரைய சோறு சாப்பிட்டுட்டுப் போட்டாலும் உங்களுக்கு ஆகாது. வலிச்சா பாராசிட்டமால் போடுங்க. அத சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமயும் போடலாம். அளவு மட்டும் மீறக் கூடாது. புண்ணு ஆறறதுக்குத் தனியா மருந்து எழுதறேன்."

வெளியே அவள் கணவன் வீரமணி சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். "என்னா சொன்னாங்க?"

"அக்காவுக்கு வந்தது இல்லீங்களாம்."

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான். அப்போதுதான் சுகுணா அழத் தொடங்கினாள்.

"நல்ல சேதிதான? எதுக்கு அழுவுற?"

"என் வயித்தப் பாத்தனுங்க. ஒரு வாய் சோறு போடாம மாசக்கணக்கா அதப் புண்ணாக்கிட்டு இருந்திருக்கேன். எம்மேல கோவிச்சுக்காம, அது உக்காந்து புண்ண மூடிக்கிட்டு இருக்குதுங்க."