நூற்று எண்பத்து நான்காம் பக்கத்தில் என் வீட்டுக்காரர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, துணியைக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில், என் வீட்டுக்காரர் செத்துப்போனார். நூற்று எண்பத்து நான்காம் பக்கத்தில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம், பக்கத்தில் யாரும் இல்லையாம், அவ்வளவுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அங்கே நான் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். உடனே அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு போன் போட்டேன். அவரே எடுத்தார். என்ன விஷயம் என்றார். ஒன்றுமில்லை, வரும்போது சோப்பு வாங்கி வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டில் ஆறு சோப்பு இருந்தது.

கொன்றவன் என் கொழுந்தன். பதினான்கு வருடம் சனிக்கிழமை சாயங்காலங்களில் டி.வி.யில் வந்து ஊரையே சிரிக்க வைத்தானே, அவனேதான். அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தான். ஆண்டு விழா மேடையில் மேனேஜர் மாதிரி நடந்து காட்டியதில் அந்த வேலை போய், டி.வி.யில் வேலை கிடைத்தது. நடுவில் இரண்டு நாவல் எழுதினான். இரண்டும் சிரிப்பு நாவல், பஸ்ஸில் படித்தால் மானம் போய்விடும். நிகழ்ச்சி முடிந்த பிறகு இரண்டு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றாவதை எழுதியிருக்கிறான். அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதக் கட்டைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தான். அண்ணன் படித்துவிட்டுச் சரி என்று சொன்னால்தான் பதிப்பகத்துக்குக் கொடுப்பேன், இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவேன் என்றான். இதை அண்ணனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னான். அண்ணன் அப்போது மூன்றடி தள்ளி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர்கள் பேச்சுவார்த்தை எல்லாம் என் வழியாகத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கூச்ச சுபாவி. ஆனால் பார்த்த வேலையோ, முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்குப் பக்கத்தில் போய் மூக்கையும் காதையும் தொட்டு அளவு பார்க்கிற வேலை. அதனால் கையைத் தூக்குமுன் "தப்பா நினைக்காதீங்க" என்பார். சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. சாப்பிடும்போது உப்புக் கேட்டாலும் அப்படித்தான் கேட்பார். கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் முதன்முதலில் பேசியதும் அந்த வார்த்தைதான். நான் தப்பாகத்தான் நினைத்தேன்.

கொழுந்தன் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் டி.வி.யில் வைத்தான். தோளை ஒரு பக்கம் உயர்த்தி, இரண்டு விரலால் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, "தப்பா நினைக்காதீங்க" என்று குழைந்துவிட்டு, எதிரில் இருப்பவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பான். முதல் வாரம் விழுந்து விழுந்து சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான், அதையும் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் பெட்டிக்கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. மூன்றாவது வருடம் கடைக்கு வந்த ஒரு பெரிய மனிதர், இவர் வாயைத் திறந்ததும், "டி.வி. பாத்து இந்த வயசுல காப்பி அடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு இவர் நிறுத்திவிட்டார். அந்த வார்த்தை இல்லாமல் அவருக்குக் கை எழும்பவில்லை. முதலாளியிடம் தானாகக் கேட்டு, கடையின் பின்னறைக்குப் போய்விட்டார். ஜன்னல் இல்லாத அறை. காலையிலிருந்து சாயங்காலம்வரை லென்ஸ் தேய்க்கிற மெஷின், அவர், வெள்ளைத் தூசி. எனக்கே மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு, நாலு அறை விட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் வந்தால் வா என்பார், கொஞ்ச நேரம் உட்காருவார், பிறகு எழுந்து உள்ளே போய்விடுவார். எட்டாவது வருடம் எனக்குப் பொறுக்காமல் நான்தான் கொழுந்தனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முகம் செத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த சனிக்கிழமை டி.வி.யைப் போட்டால் அதே தோள், அதே விரல். நிகழ்ச்சிக்காரர்கள் விடவில்லையாம். நான் டி.வி.யை அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன்.

இப்போது நாவலில் அதெல்லாம் இருந்தது. பின்னறை, மெஷின், தூசி, ஒன்றையும் விடவில்லை. படிக்கப் படிக்க, பயல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்று தெரிந்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அண்ணன் சாகிறார். அதற்கப்புறம் தம்பி, அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று நாலு பக்கம் மன்னிப்புக் கேட்கிறான். அந்த நாலு பக்கத்தைப் படித்தால் கல்லும் கரையும். அண்ணன் பெண்டாட்டி தினமும் காலையில் அவருடைய கண்ணாடியைத் துடைத்து, மடிக்காமல் விரித்து வைக்கிறாளாம், இப்போதுதான் கழற்றி வைத்தவர் மாதிரி. நான் அப்படிச் செய்யக்கூடியவள்தான். அது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என் கோபம். என்னைப் பற்றி எனக்கே தெரியாததை எழுதி வைத்திருக்கிறான், படுபாவி.

சிக்கல் என்னவென்றால், இவர் தினமும் சாயங்காலம் பதினாறு பக்கம்தான் படிப்பார். நான் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்த சாவு அவருக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் தெரியும். அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேட்காமலே இரண்டாவது தடவை காபி கொடுத்தேன். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அந்த அத்தியாயத்தை உருவி ஒளித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உருவினால் கதை நிற்காது. அதற்கப்புறம் எல்லாரும் எதற்கு அழுகிறார்கள் என்று கேட்பாரே.

வியாழக்கிழமை நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, என் வயிற்றெரிச்சலுக்கு, விரித்து வைத்தார். "நீ படிச்சுட்டியா?" என்றார். ம் என்றேன். "நல்லா எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். தலைகீழாக நின்றாலும் அவரிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்தன் வந்தான். சவரம் செய்யாத முகம், சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான். வழக்கம்போல என்னைப் பார்த்து உட்கார்ந்தான். மேசையில் அந்தக் காகிதக் கட்டு. எதிரில் என் வீட்டுக்காரர். நான் ஏதாவது சொல்லி ஆரம்பித்து வைக்க வேண்டும் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. தூது போய்ப் போய் எனக்கும் அலுத்துவிட்டது.

"என்னை எதுக்குடா கொன்ன?" என்றார் அவர்.

நேராக அவனிடம். கொழுந்தன் வேடிக்கைக்கு என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்தான். சிரிப்புக்கு இடம் விட்டு நிறுத்துகிற பழக்கம் அவனுக்கு உண்டு, அந்த இடைவெளியில் அண்ணன் முகத்தைப் பார்த்தவன் அடங்கிவிட்டான்.

கதைக்குத் தேவைப்பட்டது என்று முனகினான். பதிப்பகத்தில்கூட அந்த இடம்தான் நன்றாக இருக்கும் என்றார்கள் என்று இழுத்தான். எனக்கு அடக்க முடியவில்லை. உன் கதைக்குத் தேவை என்றால் என் வீட்டில் சாவு விழவேண்டுமா, ஒன்பது நாள் நான் சோறு இறங்காமல் கிடந்தேனே என்று சத்தம் போட்டேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"உயிரோட வெச்சுத்தாண்ணா முதல்ல எழுதினேன்" என்றான். குரல் டி.வி. குரல் இல்லை. "பத்துத் தடவ எழுதியிருப்பேன். தம்பி வந்து மன்னிப்பு கேக்கறான். நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியல. எப்படி எழுதினாலும் நீ எழுந்து உள்ள போயிடற. அதுக்கு மேல என்னால எழுத முடியல."

பக்கத்து வீட்டில் யாரோ கட்டிலையோ பீரோவையோ நகர்த்தினார்கள். எழுந்துவிடுவார், எழுந்துவிடுவார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தால் அவ்வளவுதான், இவன் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான், இனி இந்த வாசல்படி மிதிக்க மாட்டான். என் கொழுந்தனை நான் அப்போது மன்னித்திருந்தேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மேசையைச் சுற்றிக்கொண்டு போய், உள்ளே போகிற கதவுப் பக்கம் திரும்பாமல், தம்பிக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

"நான் செத்தப்புறம் நாலு பக்கம் கேக்கறியே, அத இப்ப கேளு" என்றார். "என்ன சொல்றேன்னு எனக்கும் தெரியல. கேட்டாத்தான தெரியும்."

கொழுந்தன் வாயைத் திறந்தான். அண்ணா என்ற அந்த ஒரு சொல்கூடப் பாதியில் நின்றுவிட்டது. கை மேசை மேல் இருந்த காகிதக் கட்டை நோக்கிப் போனது, எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்துவிடலாம் என்பதுபோல. நான் முந்திக்கொண்டு கட்டைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வெறும் மேசையில் அவன் விரல்கள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் ஒரு காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், காத்துக்கொண்டிருந்தார்.