தொலைநோக்கிக்காரரின் சந்தேகம்

மூடுபனி விலகினால்தான் சூசைமாணிக்கத்துக்குப் பிழைப்பு. கோடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் என்ற மலைவிளிம்பு நடைபாதைக்கு வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் ஊர் காட்டுவது அவர் வேலை. அந்த வேலையில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஆள் இல்லாத நேரத்தில் குழாயைக் கீழ்ச்சரிவுக்குத் திருப்பித் தன் வீட்டையே பார்ப்பார்.

ஒருநாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறையில் அவர் மனைவி கித்தேரியம்மாள் வந்து உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். சால்வையை நழுவவிட்டு, கைகளுக்கும் தோளுக்கும் நிதானமாக எண்ணெய் தடவினாள். முகத்தில் ஒரு சிரிப்பு. வீட்டில் தலை நிமிராத பெண் அவள். அதன்பின் பனி விலகும் நாளெல்லாம் வந்தாள்.

யாருக்காக இந்த அலங்காரம்? அது தானாக வரும் சிரிப்பில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்த சிரிப்பு. பாறைக்குக் கீழே உருளைக்கிழங்குத் தோட்டம். அதில் வேலை செய்யும் மலைச்சாமி மண்வெட்டியோடு நின்றான். சரிதான் என்று சூசைமாணிக்கம் பல்லைக் கடித்தார். ஆனாலும் குழாயைத் திருப்ப மனம் வரவில்லை. கோபம் வந்த அளவுக்கு அவளைப் பார்க்கும் ஆசையும் வந்தது. அது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஒற்றை அறை வீடு. கூடவே அம்மா, இரண்டு தங்கைகள். அவர்கள் வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் இவர் மலைமேல் இருப்பார். கல்யாணமாகி நாலைந்து வருஷமாகியும் மனைவியை வெளிச்சத்தில் கண்ணாரப் பார்த்ததில்லை. மாதா கோயிலிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று ஒரு காலையில் தொலைநோக்கியைக் கூட்டாளி அலெக்சாண்டரிடம் விட்டுவிட்டு இறங்கினார். வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரத்து மறைவில் நின்றார். வெயில் வந்தது. கித்தேரியம்மாளும் வந்தாள். மலைச்சாமி பக்கம் அவள் திரும்பவேயில்லை. புருவத்துக்கு மேல் கை வைத்து மலையுச்சியைப் பார்த்தாள். பிறகு முகம் சுண்டி, கொண்டையைத் தொடாமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

அப்படியானால் ஆள் மேலே இருக்கிறான். சூசைமாணிக்கம் மறைவை விட்டு வெளியே வந்து, "யாரத் தேடுற?" என்றார்.

"உங்களத்தான்," என்றாள் அவள். "கொழா எம்பக்கம் திரும்புனா கண்ணாடி மின்னும். மத்தவங்க திருப்புனா அது ஓடிக்கிட்டே கெடக்கும். நீங்க திருப்புனாத்தான் எம்மேல நிக்கும். இன்னைக்கு நிக்கல."

அவளே மெதுவாகத் தொடர்ந்தாள்: "வீட்டுல என்னைய எப்பப் பாத்திருக்கீங்க? அங்கயிருந்து பாக்குறீங்கன்னு தெரிஞ்சா எனக்கு ஒடம்பே லேசாயிரும்."

பிறகு அவர் நின்றிருந்த மரத்தைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. "அப்ப இத்தன நாளும் ஆசையாப் பாக்கலயா? சந்தேகப்பட்டா பாத்தீங்க?"

இரண்டும்தான். அதைச் சொல்லாமலே அவர் மலையேறிப் போனார்.

அதன்பின் பாறை வெறுமையாகக் கிடந்தது. வீட்டில் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்; பனி விலகும் நேரத்தில் மட்டும் பின்கதவைச் சாத்திக்கொண்டாள். ஒளிந்து வேவு பார்த்தவருக்கு எதற்காகக் காட்ட வேண்டும்? அவள் பக்கம் நியாயம் இருந்தது. தனியாக மன்னிப்புக் கேட்கவும் அந்த வீட்டில் இடமில்லை. சூசைமாணிக்கம் உள்ளுக்குள் அழுதார்.

சீசன் கூட்டம் நெரிந்த ஒரு காலையில் அவர் தலைப்பாகையை அவிழ்த்தார். கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்று, அந்த வெள்ளைத் துணியைப் பள்ளத்தை நோக்கி வீசி வீசி ஆட்டினார். கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "என்ன மேன், கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார் அலெக்சாண்டர். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. இத்தனை பேர் நடுவில் ஒருத்தியின் கண்ணுக்காக மட்டும் நிற்பது எப்படி என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உடம்பு லேசாகத்தான் இருந்தது.

இறங்கிக் குழாயில் கண் வைத்தார். பின்கதவு திறந்திருந்தது. இடுக்கு வழியாக அவளும் தினம் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கித்தேரியம்மாள் பாறைக்கு வந்து, நேராக அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, கொண்டையில் கை வைத்தாள்.

மதுரைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, தானும் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

சூசைமாணிக்கம் கண்ணை எடுக்கவில்லை. "ஒரே மூடுபனிங்க," என்றார். "ஒண்ணுமே தெரியல."