ஊர்த்தெருவுக்குள் சப்பரம்

சிட்டம்மாளுக்கு இத்தாலி என்ற பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சண்டைக்குப் போய்வந்த அவள் புருஷன் ஞானதாஸ், ஊர் திரும்பி இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சீமையை விட்டு இறங்கினபாடில்லை. கஞ்சியில் உப்புக் குறைந்தால் இத்தாலி, கூரை ஒழுகினால் இத்தாலி. பாலம் போடுகிற பட்டாளத்தில் இருந்தவன். நேப்பிள்ஸ் பட்டணத்துப் பழைய பேட்டை ஒன்றில் கொஞ்ச நாள் வேலையில்லாமல் உட்கார வைத்திருந்தார்களாம். அந்தக் கொஞ்ச நாளை வைத்துக்கொண்டு மனுஷன் ஆயுசுக்கும் பேசுகிறான்.

“சந்துன்னா சந்து அப்டி. ரெண்டு மாடு எதிரெதிரா வந்தா ஒண்ணு பின்னால போவணும். இந்த வூட்டு மாடிலேர்ந்து அந்த வூட்டு மாடிக்குக் கயிறு கட்டித் துணி காயப் போட்டுக்கினு இருப்பாங்க. கறுப்புக் கல்லு பாவின தெரு. செவுத்துல மாடம், மாடத்துக்குள்ள மாதா, முன்னால வெளக்கு. அந்தத் தெருவுல நான் எங்க வேணா போவேன். எந்தத் தெருடா நீன்னு ஒருத்தன் கேக்கல.”

“உன் பாஷ அவங்களுக்குத் தெரியாது. அதான் கேக்கல” என்பாள் சிட்டம்மாள்.

“நீ இன்னாமே, எல்லாத்துக்கும் ஒண்ணு வச்சிருக்கே” என்று அவன் அடுத்ததற்குப் போவான். தெருவிலேயே அடுப்பு வைத்து மாவை எண்ணெயில் பொரித்துக் கொடுப்பதும், நின்றபடியே ஜனங்கள் அதை ஊதி ஊதித் தின்பதும் வரும். கோதுமை மாவைப் பிசைந்து கயிறு கயிறாக அறுத்து, வேகவைத்துத் தக்காளிச் சாறு ஊற்றும் கொன்செட்டா என்கிற விதவை வருவாள். ஒற்றை அறை வீடு அவளுக்கு. வாசலே தெருதான்.

அவள் முதல்நாள் சாப்பிடக் கூப்பிட்டபோது, ஞானதாஸ் படிக்கு வெளியே ஒதுங்கிக் குந்தி, தகரத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தினான், மேலிருந்து போடுவாள் என்று. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலில் அடிபட்டிருக்கிறதோ என்று பதறி முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவன் கடித்து வைத்த ரொட்டியில் மீதியைத் தானும் தின்றாள்.

இந்த ஒரு கதைக்கு மட்டும் சிட்டம்மாள் வாயைத் திறக்கமாட்டாள். ஊர்ப் பண்ணையார் வேதாசலத்தின் வீட்டுக் கொல்லையில் அவளும் அப்படித்தான் குந்திக் கூழ் வாங்குகிறாள். அங்கே யாரும் அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்ததில்லை.

மானாம்பதிப் பக்கத்தில் அவர்கள் இருந்த சேரியில் ஓலைக் கூரை போட்ட ஒரு கோயிலும், அதற்குள் ஒரு மாதாவும் உண்டு. பூசை வைக்கும் பங்குச் சாமியார் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் ஏசுதாஸ்தான் ஜெபம் சொல்லுவார். ஒவ்வொரு செப்டம்பரிலும் மாதா பிறந்தநாளுக்குச் சப்பரம் எடுப்பார்கள். நாலு பேர் தோளில் தூக்கிச் சேரிக்குள்ளேயே ஒரு சுற்று. ஊர்த்தெரு முனைக்கு வந்ததும் திரும்பிவிட வேண்டும். அது எழுதாத சட்டம்.

“அங்க மாதா போவாத சந்து கெடையாது. மெத்த விரிப்பெல்லாம் எடுத்து மாடில தொங்கவுட்டு, பூ கொட்டுவாங்க. தூக்கறவன் ஒருத்தன் களைச்சிப்போயி என்னக் கூப்ட்டான். ஒசரம் சரியா கீதான்னு பாத்தாங்க. வேற எதையும் பாக்கல” என்று ஞானதாஸ் சொல்லிச் சொல்லி, அந்த வருஷம் ஊர்த்தெரு வழியாகத்தான் சப்பரம் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான்.

ஏசுதாஸ் நடுங்கிக்கொண்டே போய் வேதாசலத்தைக் கேட்டார். ஊர்க் கழனியில் முக்கால்வாசி அவருடையது. சேரிக்குச் சோறு போடுவதும் நிறுத்துவதும் அவர் கை. ஆச்சரியம், அவர் சரியென்று விட்டார். “மாதாவும் சாமிதானே, வரட்டும். தூக்கறவங்க எப்பவும் போல வரணும். கால்ல செருப்பு கூடாது. தோள்ல துண்டு கூடாது, இடுப்புல கட்டிக்கணும்.”

உபதேசியார் ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி வந்தார். ஞானதாஸ் காறித் துப்பினான்.

“துண்ட மடிச்சி வைக்காம தூக்கினா கட்ட தோள அறுக்கும். அது மட்டுமில்ல. இடுப்புல துண்டு கட்டினவன் தூக்கினா, மாதாவும் கைகட்டிக்கினு போற மாதிரி தான்.”

“யோவ், தெருவுக்குள்ள வுடறேன்னு சொன்னதே பெருசு” என்றாள் சிட்டம்மாள். “கதிரு முத்திப் போச்சி. அறுப்ப வுட்டா நமக்கு வேற போக்கு இல்ல. வாய மூடிக்கினு தூக்கு.” அவள் மனமாரத்தான் சொன்னாள். போன பஞ்சத்தில் வயிறு ஒட்டிக் கிடந்தது அவளுக்கு மறக்கவில்லை.

திருநாள் அன்று பொழுது சாயும் முன்பே சப்பரம் கிளம்பியது. முன்கட்டையில் ஞானதாசும் வேதகிரியும், பின்கட்டையில் சின்னப்பையனும் முனியனும். ஊர்த்தெரு முனையில் வேதாசலம் தன் ஆட்களோடு நின்றிருந்தார். அவரைக் கண்டதும் வேதகிரி துண்டை உருவி இடுப்பில் கட்டினான். பின்னால் இருந்த இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். ஞானதாசின் துண்டு தோளிலேயே இருந்தது.

“ஞானதாசு, துண்ட எறக்கு.”

“தோள்ல மாதா கீது ஆண்டே. எறக்க முடியாது.”

“அவன் பட்டாளத்துல துரை ஆயிட்டாண்டா” என்றார் வேதாசலம் பக்கத்தில் இருந்தவர்களிடம். “இன்னாடா, வெள்ளக்காரி எச்சில் ரொட்டி குடுத்தாளாமே? அந்த மெதப்பா? துண்ட எறக்குடா.”

எல்லோரும் சிரித்தார்கள். சிட்டம்மாளுக்கு உச்சந்தலை வரை சுருக்கென்று ஏறியது. இத்தாலியைக் கேலி செய்ய அவளுக்குப் பாத்தியதை உண்டு, கட்டிக்கொண்டவள், தினம் கேட்டு அவஸ்தைப்படுகிறவள். இந்த ஆளுக்கு யார் கொடுத்தது? அதிலும் அந்த ரொட்டியை. ஞானதாசின் முகம் செத்துப்போனதை அவள் பார்த்தாள். அந்த முகத்தோடு அவன் வீட்டுக்கு வந்தால் இனிமேல் ஒரு கதையும் பேசமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கும்பலை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நேத்து இந்தத் தெருவுலதான் இவுரு உங்க நெல்லு மூட்டயத் தூக்கினு வந்தாரு. துண்டு தோள்லதான் இருந்துச்சி. நான் தலைல துணியச் சுருட்டி வச்சி உங்க நெல்லுக் கட்டத் தூக்கினு வந்தேன். அப்ப யாரும் எறக்கச் சொல்லல. மூட்ட உங்களுதுன்னா துண்டு இருக்கலாம், மாதா எங்களுதுன்னா இருக்கக் கூடாதா?”

ஆண்டே என்ற அடிமைச் சொல் அவள் பேச்சில் எங்கேயும் இல்லை. ஊர் ஜனம் அதைத்தான் முதலில் கவனித்தது.

“நாளைக்கு அறுப்புக்கு வரணுமா வேணாமா? பாத்துப் பேசு” என்றார் வேதாசலம்.

வீட்டில் இரண்டு வேளைக்குத்தான் கேழ்வரகு இருந்தது.

“வரல” என்றாள். “மழ கறுத்துக்கினு கீது, கதிரு சாஞ்சிக்கினு கீது. உங்க வூட்ல யாருக்கு அருவா புடிக்கத் தெரியும்னு பாத்து வச்சிக்கோங்க.”

“நானும் வரல” என்றாள் பின்னாலிருந்து ஆண்டாளம்மாள், சின்னப்பையனின் பெண்சாதி. அதற்குப் பிறகு சின்னப்பையன் என்ன செய்வான்? இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். முனியனும் போட்டான். வேதகிரி போடவில்லை. அவன் குடிசை வேதாசலத்தின் மனையில் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் கட்டைக்கு அடியிலிருந்து தோளை உருவிக்கொண்டு ஒதுங்கினான். சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது. மாதாவின் கழுத்து மாலை நழுவித் தொங்கியது. ஏசுதாஸ் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாய் பிளந்து நின்றார். வேதகிரியைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை, அந்த இடத்துக்கு வரவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

சிட்டம்மாள் முந்தானையை உருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கட்டைக்கு அடியில் நுழைந்தாள். பாரம் எலும்பில் இறங்கியது. நெல்லுக்கட்டை விடக் கனம் குறைவுதான்.

ஞானதாஸ் திரும்பிப் பார்த்தான். “பொம்பளைங்க சப்பரம் தூக்கறது அந்த இத்தாலில கூட கெடையாதுமே” என்றான் மெதுவாக.

“அப்ப அவங்களையும் கத்துக்கச் சொல்லு” என்றாள் சிட்டம்மாள். “நட.”

வழியை மறித்து நின்ற வேதாசலத்தை நோக்கி நாலு பேரும் நடந்தார்கள். சப்பரத்தின் முன்கட்டை அவர் மார்புக்கு நேராக வந்தது. அவர் ஒதுங்கினார்.